எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்!

மூன்று வருடங்களுக்கு முன் நான் ஒரு தவறு செய்தேன். தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணில் கிடந்த பழைய ஸ்டீரியோ செட்டை எடைக்குப் போட்டுவிட்டேன். 'ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கும்போது இந்தச் சுமை எதற்கு?' என்று அம்மாவிடம் வாதம் வேறு. கேசட்டுகள் மட்டும் ஒரு ஷூ பெட்டியில் தங்கிவிட்டன.

சென்ற வருடம் அப்பா இறந்தார். அதன் பிறகுதான் அம்மா அந்தப் பெட்டியைத் திறந்தார். 1990களின் தொடக்கத்தில் அப்பா துபாயிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பிய கடிதங்கள், மொத்தம் ஏழு. போட்டுக் கேட்க வீட்டில் எந்தக் கருவியும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். காஸ்மிக், சோனோடைன், நார்ஜ் என்று, இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நம் நாட்டிலேயே தயாரான செட்டுகளின் பெயர்களை அங்கேதான் தெரிந்துகொண்டேன். பெயர்ப் பட்டை உதிர்ந்த ஒரு டெக்கை 900 ரூபாய்க்கு வாங்கினேன்.

மோட்டார் சுற்றியது, கேசட் நகரவில்லை. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ரப்பர் பெல்ட் தார்போல உருகியிருந்தது. ரிச்சி தெருவில் புது பெல்ட் வாங்கி மாட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்தேன். முதலில் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டுச் சோதித்தேன். ஓடியது! என் ப்ளூடூத் ஸ்பீக்கரின் பேட்டரி போனபோது, அதை உடைக்காமல் திறக்கவே முடியவில்லை.

அடுத்தது கம்ப்யூட்டர். டெக்கின் லைன் அவுட்டை, சவுண்ட் கார்டின் நீல நிற லைன்-இன் சாக்கெட்டில் கொடுங்கள். மைக் சாக்கெட்டில் கொடுத்தால் ஒலி சிதறும். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன்-இன் இருக்காது; லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு தேவை. அடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என வைத்துப் பதியலாம். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 60 நிமிடக் கேசட்டுக்கு 600 எம்பிக்குச் சற்று மேல்.

பழைய செட்டில்தான் இசைக்கு உயிர் இருக்கிறது என்பார்கள் சிலர். நான் அந்தக் கட்சி இல்லை. கேசட்டின் இரைச்சல் சிடியில் கிடையாது. என் கவலை வேறு. கேசட்டில் இருப்பதை டெக் இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டராலும் படிக்க முடியாது.

ஆறு கேசட்டுகளைப் பதிந்துவிட்டேன். ஏழாவதில் டேப் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன்பே பதிந்திருந்தால் அதுவும் ஓடியிருக்கலாம். அப்பாவும் கூட உட்கார்ந்து கேட்டிருப்பார்.

உங்கள் வீட்டுப் பரணில் டெக் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கீழே இறக்குங்கள். கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். எடைக்குப் போடுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.