ஏட்டுச் சோயா கறிக்கு உதவுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

சமையலைப் பற்றி எழுத வேதியியல் மாணவனுக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். உண்பவர் எல்லாருக்கும் அந்த உரிமை உண்டு என்பது என் எண்ணம். அதிலும், புரதம் என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதும் நமக்கு, அந்தப் புரதம் நம் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கும் கடமையும் உண்டு.

நம் தட்டில் சோறு மலை என்றால் பருப்பு மடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். அரிசியில் புரதம் குறைவு. இருக்கும் புரதத்திலும் லைசின் என்னும் அமினோ அமிலம் போதாது. அந்தக் குறையை நிரப்புவன பயறு வகைகள். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். களை பறித்துவிட்டு வரும் என் தாயாரின் இரவுச் சாப்பாடு சோறும் ரசமும்தான். முட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு, அதுவும் பிள்ளைகளுக்கு. ஆகவே இது எனக்கு ஏட்டுக் கணக்கு அன்று.

டோஃபு என்பது யாது?

சோயாப் பயற்றை ஊற வைத்து அரைத்து, காய்ச்சிப் பாலெடுத்து, அந்தப் பாலைத் திரித்துக் கட்டியாக்கினால் கிடைப்பது டோஃபு. இதன் தாயகம் சீனா. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் லியூ ஆன் என்னும் இளவரசர் கண்டுபிடித்தார் என்பது அங்குள்ள மரபுக்கதை; எழுத்துச் சான்று பத்தாம் நூற்றாண்டிலிருந்துதான் கிடைக்கிறது. பின்னர் ஜப்பானுக்குச் சென்ற இவ்வுணவுக்காக, 1782இல் ஒசாக்கா நகரில் நூறு வகைச் சமையலைச் சொல்லும் தனி நூலே வெளிவந்தது.

தமிழருக்கும் இது முற்றிலும் அந்நியம் அன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடல் கடந்து சென்ற நம்மவர் நடத்தும் கடைகளில், ரோஜாக் என்னும் பண்டத்திலும் மீ கோரெங்கிலும் பொரித்த டோஃபு இடம்பெறுகிறது. அங்கே போன தமிழர் நாவுக்கு ஏற்றது இங்கே இருக்கும் தமிழர் நாவுக்கு ஏலாது என்பது பொருந்துமா?

கோழிக்கு உண்டு, நமக்கு இல்லை

சோயா விதையில் 100 கிராமுக்கு 36 முதல் 40 கிராம் வரை புரதம் உண்டு. நமக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் அதில் இருக்கின்றன. காந்தியடிகள் 1935இலேயே தம் ஹரிஜன் இதழில் இப்பயற்றைப் பற்றி எழுதினார். இன்று மத்தியப் பிரதேசமும் மகாராட்டிரமும் இதைப் பெருமளவில் விளைவிக்கின்றன. ஆனால் விளைவதில் பெரும்பகுதி எண்ணெய் ஆலைக்குச் செல்கிறது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புரதப் பிண்ணாக்கு கோழிகளுக்குத் தீவனமாகிறது; கப்பலேறி அயல்நாடுகளுக்கும் போகிறது. நமக்கென்று மிஞ்சுவது பிரியாணியில் எப்போதாவது தட்டுப்படும் மீல் மேக்கர் உருண்டைதான்!

பெயரால் வந்த வினை

டோஃபு இங்கே வேரூன்றாததற்குக் காரணம் அதன் குணம் அன்று. நாம் அதை நடத்தும் முறையே என்பேன். முதல் தவறு பெயரில் இருக்கிறது. கடைக்காரர் 'சோயா பன்னீர்' என்று விற்கிறார். வாங்குபவர் பாலின் கொழுப்பையும் மணத்தையும் எதிர்பார்க்கிறார். கிடைக்காதபோது ஏமாற்றுப் பண்டம் என்று ஒதுக்குகிறார். கத்தரிக்காயைக் கோழிக்கறி என்று சொல்லி விற்றால் கத்தரிக்காய்க்கும் இதே கதிதான். டோஃபுவை டோஃபு என்றே அழைப்போம்.

இரண்டாவது தவறு பக்குவத்தில். ஒரு விடுதியில் இதைப் பொட்டலத்திலிருந்து எடுத்தபடியே குருமாவில் போட்டுக் கொதிக்க விட்டிருந்தார்கள். நீர் கோத்த துண்டுகளை எல்லாரும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள். குற்றம் டோஃபுவினுடையதா?

புதிதாய்ச் சமைப்போருக்கு

கட்டியான டோஃபுவையே முதலில் வாங்குங்கள். துணியில் சுற்றி, மேலே கனமான பொருள் ஒன்றை வைத்து அரைமணி நேரம் நீரை வடியுங்கள். இதற்குத் தனிச்சுவை மிகக் குறைவு. ஆகவே உப்பு, புளி, மிளகாய் ஆகியவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும். மீன் வறுவலுக்குத் தடவும் மசாலாவையே துண்டுகளில் தடவி, காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு அடுக்குங்கள். அடிப்பக்கம் சிவந்து தானாகக் கல்லை விடும்வரை கரண்டி வைக்காதீர்கள். அவசரப்பட்டுப் புரட்டினால் உடைந்துவிடும்.

உடைந்தாலும் கவலையில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள்தூள் சேர்த்து உதிர்த்து வதக்கினால் முட்டைப் பொடிமாஸ் போன்ற தொடுகறி ஆயிற்று. குழம்பில் சேர்ப்பதானால், வறுத்த துண்டுகளை இறக்குவதற்குச் சற்று முன்னர்ப் போட வேண்டும். இம்மூன்றும் கைவந்தால் மற்றவை தாமே வரும்.

கடையில் 200 கிராம் டோஃபுவுக்குக் கொடுக்கும் காசில், எங்கள் ஊரில் ஏறத்தாழ அரைக்கிலோ சோயா விதை வாங்கிவிடலாம். ஆகவே ஏழை வீட்டுக்கு ஏற்றது வீட்டிலேயே செய்வதுதான். 250 கிராம் விதையை இரவு முழுதும் ஊற வைத்து, தோல் நீக்கி, மைய அரைத்து, 2 லிட்டர் நீரில் கரைத்துப் பெரிய பாத்திரத்தில் காய்ச்ச வேண்டும். கொதிநிலை வருமுன்பே நுரை பொங்கும். அதை நம்பி இறக்கிவிடக் கூடாது. தணலைக் குறைத்து, அடிபிடிக்காமல் கிளறி, கொதித்தபின் பத்து நிமிடம் வேகவிட வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. வெப்பமே அவற்றை அடக்கும்.

பின்னர்த் துணியில் வடித்த பாலில், மூன்று எலுமிச்சம்பழச் சாற்றை ஒரு தம்ளர் நீரில் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றி மெல்லக் கிளறினால் பால் திரியும். இங்கேதான் நம் பாடம் வருகிறது. பாலிலுள்ள புரதத் துகள்கள் எதிர்மின்சுமை உடையவை. ஒன்றையொன்று விலக்குவதால் மிதந்து நிற்கின்றன. அமிலம் அச்சுமையை நீக்க, அவை ஒன்றுகூடிப் படிகின்றன. சீனர் இதற்கு ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட்டையும், ஜப்பானியர் மெக்னீசியம் குளோரைடு மிகுந்த கடல்நீர்க் கசப்புநீரையும் கொண்டனர். ஆய்வகப் புட்டியிலிருப்பதை எடுத்துச் சென்று சோதிக்க வேண்டாம். உணவுக்குரிய தூய்மையுடையதே வேண்டும். திரிந்ததைத் துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவியை அரைமணி நேரம் வைத்தால் டோஃபு தயார். வடித்த சக்கையை அடைமாவில் கலந்து நன்றாக வேக வைக்கலாம். அதிலும் புரதம் உண்டு.

மறுப்புகளும் விடைகளும்

"இது அயல்நாட்டுப் பண்டம்" என்பார் சிலர். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் எந்த நாட்டுப் பண்டங்கள்? "ஆண்கள் தின்றால் ஆண்மை குறையும்" என்று விடுதி அறைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. சோயாவில் ஐசோஃபிளவோன் என்னும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் ஆண்களிடம் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய இயக்குநீர் அளவில் அது மாற்றம் விளைவித்ததாகத் தெரியவில்லை. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கட்டாயம் விலக்க வேண்டும். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பருப்பையும் கடலையையும் முட்டையையும் விட்டுவிட்டு டோஃபுவுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவை இருக்கும் இடத்தில் இதற்கும் ஓர் இடம் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அன்பார்ந்த பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் ஒரு சிற்றூரில் தங்குகிறோம். சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம்; நன்று. அவற்றோடு ஒரு மாலைப்பொழுதில் அவ்வூர்த் தாய்மாரைக் கூட்டி, ஒரு கிலோ சோயாவைக் கொண்டு டோஃபு செய்து காட்டுவோம். திரியும் காரணத்தை நாம் சொல்வோம். எந்த மசாலா சேரும் என்பதை அவர்கள் நமக்குச் சொல்லட்டும். விடுதியிலும் வாரம் ஒரு நாள் முறையான பக்குவத்தில் சமைத்துப் பார்க்கட்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மைப் போன்ற படித்தவர்களைப் பார்த்துத்தான் ஊரார் சொன்னார்கள். பட்டம் வாங்கி வீடு திரும்பும் முதல் தலைமுறையினராகிய நாம், படித்ததில் ஒரு பிடியையாவது வீட்டு அடுப்பில் ஏற்றிக் காட்டுவோம். அன்றுதான் நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கும் அந்தப் படிப்பில் பங்கு கிடைக்கும்.