அடியில் விரிக்கும் படுதா

உத்திரமேரூர் பக்கம் நவரை அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்திருக்கும் நெல்லைக் கோடை மழையிலிருந்து காப்பது படுதாதான். மேலே போர்த்த நல்லதாகப் பார்த்து வாங்குகிறோம். அடியில் விரிக்க மட்டும் விலை குறைந்த நீலப் படுதா போதும் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு பருவம் உழைத்த நீலப் படுதாவை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த கோடு நெடுக ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரியும். களத்தில் தேங்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறி அடி நெல்லை நனைக்கிறது, இரண்டு நாள் விட்டால் முளையும் கட்டிவிடும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் சிக்கல்; மறுபடி காயவைக்கும் கூலியிலேயே மிச்சம் பிடித்த காசு போய்விடும். பல அடுக்காக ஒட்டிய சில்பாலின் படுதாவுக்கு விலை கூடுதல்தான், ஆனால் எடை குறைவு, தண்ணீர் இறங்காது. கைக்காசு குறைவென்றால் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு என்று கேட்டு வாங்கி, கெட்டியானதை அடியில் விரியுங்கள். வேளாண் அலுவலகத்தில் மானியத் தார்ப்பாய் வந்திருக்கிறதா என்றும் கடைக்குப் போகுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.