ஐந்து நாட் கூலியை யார் கொடுப்பது?

கூகைக்கட்டுக்கு ஒரு தலையங்கமா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் எல்லவிலிருந்து பசறை வரையுள்ள தேயிலை மலைகளில் ஏதேனும் ஒரு லயத்துக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கட்டும். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த காம்பராக்கள். நீருக்கு ஒரே பீலி. கைக்குழந்தைகளுக்கு ஒரே பிள்ளைமடுவம். யாவருக்கும் ஒரே மாரியம்மன் கோயில். இருமலிலும் எச்சிலிலும் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் வேறெது?

நெருங்கி வாழும் சமயச் சமூகத்தில் இந்நோய் எவ்வாறு பாயும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 2009 ஜூனில் பிரித்தானியாவிலிருந்து திரும்பிய 11 வயதுச் சிறுவன் ஒருவன், நியூயோர்க் மாநிலத்தில் வைதிக யூதச் சிறுவர்களின் கோடைகால முகாமொன்றுக்குச் சென்றான். ஓராண்டுக்குள் 3,502 பேர் நோயுற்றனர். அவர்களுள் நூற்றுக்கு 97 பேர் அச்சமூகத்தவரே. அவர்கள் ஊசியை மறுத்தவர்களா? இல்லை. நோயுற்ற 13 முதல் 17 வயதினருள் நூற்றுக்கு 89 பேர் இரண்டு ஊசிகளையும் பெற்றிருந்தனர். அவர்களுடைய வேதபாடசாலைகளிலே மாணவர் இருவர் இருவராக முகத்துக்கு முகம் அமர்ந்து, உரத்த குரலில் வாதித்து, நாளெல்லாம் பயில்வர். அந்த நெருக்கமே ஊசியின் காவலை மீறிற்று. ஆயினும் ஊசி வீண் என்று முடிவுகட்டுவோர் அவசரக்காரர். அக்கம்பக்கத்து மக்களிடையே நோய் பெரிதாகப் பரவாமல் நின்றதற்கு ஊசியே காரணம்.

நமது நாட்டில் அரசின் தடுப்பூசித் திட்டத்திலே கூகைக்கட்டுக்கான ஊசி சேர்ந்தது 2011இல்தான். இன்று 9 மாதத்திலும் 3 வயதிலும் அது போடப்படுகிறது. ஆனால் இருபது வயதைத் தாண்டிய நம் இளைஞர்க்கு அத்திட்டத்தின் வழியே அது கிட்டியிருக்க வழியில்லை. கொழும்புக் கடைகளிலும், உலகத்துப் பயணிகளெல்லாம் வந்து தங்கும் எல்ல விடுதிகளிலும் வேலை செய்வோர் அவர்களே; தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் லயம் திரும்புவோரும் அவர்களே. பருவமெய்திய ஆண்களுக்கு இந்நோய் விதைவீக்கத்தை உண்டாக்கும். அரிதாகச் செவிப்புலனையும் பறிக்கும். குழந்தை நோய்தானே என்று அசட்டையாய் இருப்பதற்கில்லை.

நம் மக்கள் அறியாமையில் மூழ்கியிருக்கிறார்கள் என்று உபதேசம் செய்ய வருவோர்க்கு ஒன்று சொல்வோம். அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகி, அந்நியர் நுழையாது காப்பது நம் பாட்டிமார் கற்ற சுகாதாரம். தமிழகத்தில் இந்நோயைப் பொன்னுக்கு வீங்கி என்றழைத்து, பிள்ளையின் கழுத்தில் பொற்சங்கிலி இடுவர். சங்கிலி நோயைத் தீர்க்காது. ஆனால் சங்கிலி அணிந்த பிள்ளையை வீட்டில் வைத்திருப்பார்களேயானால் அது நன்றே! வீக்கம் தோன்றியபின் ஐந்து நாள் விலகியிருக்கவேண்டும் என்பதே வைத்தியர் கூற்றும். கோயில் தலைவரும் பூசாரியும் காப்புக் கட்டும் நாளிலேயே இதை ஒலிபெருக்கியில் அறிவித்தால், சுகாதாரப் பரிசோதகரின் பத்துத் துண்டுப் பிரசுரங்களைவிட அது வேலை செய்யும். அப்பிரசுரங்களும் தமிழில் வரவேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருப்பது வேறு கதை.

ஆனால் பிள்ளை வீட்டிலிருந்தால் தாய் எங்கே இருப்பாள்? மலைக்குப் போன நாளுக்கே சம்பளம். கன்னம் வீங்கிய பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவளை நாம் குறை கூறோம். அடுப்பெரிய வேறு வழியை அவளுக்கு யார் வைத்தார்கள்?

முன்னொரு காலத்தில், இலங்கை வரும் தொழிலாளரை மண்டபம் முகாமிலே தடுத்து வைத்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். தடுத்து வைத்த நாட்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தார்கள். கருணையால் அன்று, நோய் தோட்டத்துக்குள் புகுந்தால் வேலை நின்றுவிடுமே என்ற கணக்கால். அந்நிய துரைமார் போட்ட அந்தக் கணக்கைக்கூட இன்றைய கம்பனிகள் போடக்கூடாதா?

ஆகவே நாம் கேட்பது இது. கூகைக்கட்டு என்று வைத்தியர் எழுதிக்கொடுத்தால், நோயாளிக்கோ நோயுற்ற பிள்ளையின் தாய்க்கோ ஐந்து நாட் சம்பளத்தைத் தோட்டம் கொடுக்கவேண்டும். இளைஞர்க்கு விடுபட்ட ஊசியைப் போடச் சுகாதாரத் திணைக்களம் ஆவன செய்யவேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுக்குச் செல்லும் தொழிற்சங்கத் தலைவர்கள் இந்த ஐந்து நாளையும் கோரிக்கையில் எழுதிக்கொண்டு போவார்களா?