எழுந்து போகுமுன் அழித்துவிட்டுப் போங்கள்

பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் ஸ்கூடாய் வட்டாரத்து நகல் கடைகளில் உட்கார இடம் கிடைப்பதில்லை. யுபியு விண்ணப்பம், பிடிபிடிஎன் கல்விக் கடன், உபகாரச் சம்பளப் பாரம், எஸ்பிஎம் சான்றிதழ், அடையாள அட்டை நகல், தந்தையின் சம்பளச் சீட்டு என எல்லாமே கடையில் இருக்கும் இரண்டு மூன்று கணினிகளில்தான் திறக்கப்படுகின்றன. அச்செடுத்த தாள்களை மாணவர்கள் பத்திரமாக உறையில் போட்டுக்கொள்கிறார்கள். கணினியில் விட்டுச் செல்வதைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இத்தகைய கடைகளில் நான் பலமுறை கண்ட காட்சி இது. முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தைத் தட்டினால் முன்பின் தெரியாத ஒருவரின் மின்னஞ்சல் வந்து நிற்கும். பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தால் யாரோ ஒரு மாணவியின் அடையாள அட்டை தெரியும். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஊரிலேயே இந்த நிலை என்றால், மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உலாவியில் சேரும் தேடல் வரலாற்றை நீக்குவது சிறிய வேலைதான். ஆனால் எதை நீக்குகிறோம், எது நீங்காமல் இருக்கிறது என்று தெரியாமல் செய்தால் பயனில்லை. மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: நமது தடம் ஓரிடத்தில் மட்டும் பதிவதில்லை. கணினி, நமது கணக்கு, நாம் பயன்படுத்தும் இணைய வலையமைப்பு ஆகிய மூன்று இடங்களில் அது பதிகிறது.

முதலில் கணினி. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய மூன்று உலாவிகளிலும் விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் உலாவல் தரவை நீக்கும் பெட்டி திறக்கும். அதில் நாம் பார்த்த பக்கங்களின் பட்டியல், குக்கீகள், தற்காலிகக் கோப்புகள், பாரங்களில் தானாக நிரம்பும் விவரங்கள் என்று தனித்தனியாக இருக்கும். வரலாற்றை மட்டும் நீக்கினால் கடவுச்சொல் அப்படியே இருக்கக்கூடும். கால அளவையும் கவனிக்க வேண்டும். நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு மணி நேரத் தரவை மட்டும் நீக்கினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மின்னஞ்சலிலிருந்தும் விண்ணப்பத் தளங்களிலிருந்தும் முறைப்படி வெளியேறிவிடுங்கள். பதிவிறக்கம் செய்த கோப்புகளைத் தனியே தேடி நீக்குங்கள். குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். உலாவியில் பதிவிறக்கப் பட்டியலை அழித்தால் பெயர்தான் போகும், கோப்பு போகாது. பலரும் தவறவிடுவது இதைத்தான். கோப்பை அச்செடுப்பதற்காகக் கடைக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், கைப்பேசியில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குச் சென்று அந்தக் கணினியைத் துண்டித்துவிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு ஞாபகம் வந்தாலும் இதைச் செய்யலாம். கூகுள் கணக்கிலும் எந்தெந்தக் கருவிகளில் உள்நுழைந்திருக்கிறோம் என்ற பட்டியல் உண்டு; அங்கிருந்தபடியே வெளியேறலாம்.

இரண்டாவது இடம் நமது கணக்கு. கூகுள் கணக்கில் உள்நுழைந்து தேடும்போது, அந்தத் தேடல்கள் கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்திலும் சேர வாய்ப்புண்டு. உலாவியில் வரலாற்றை அழித்தாலும் அங்குள்ளது அழியாது. அதைத் தனியாக நீக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட மாதங்களுக்குப் பின் தானாக நீங்கும்படி அமைக்க வேண்டும். 2020 ஜூன் முதல் தொடங்கப்பட்ட புதிய கணக்குகளில் 18 மாதங்களுக்குப் பின் தானாக நீக்குவதை கூகுள் இயல்பான அமைப்பாக்கியது. அதற்கு முந்திய கணக்கு வைத்திருப்பவர்கள் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

மூன்றாவது இடத்தில் நமது கை நீளாது. விடுதியின் வைஃபை, பள்ளியின் இணையம், தொலைத்தொடர்பு நிறுவனம் ஆகியவற்றின் வழியாகப் போன தடத்தை நமது உலாவியிலிருந்து அழிக்க முடியாது. இங்குதான் 'மறைநிலைச் சாளரம்' பற்றிய மயக்கம் வருகிறது. அதைத் திறந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று நம்பும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதை மூடும்போது அந்தக் கணினியில் வரலாறும் குக்கீகளும் தங்குவதில்லை, அவ்வளவுதான். பதிவிறக்கிய கோப்பு தங்கும். வலையமைப்பை நடத்துபவருக்கும் நாம் போகும் தளத்துக்கும் நாம் மறைந்துவிடுவதில்லை. கடைக் கணினியில் அமரும்போது முதலிலேயே மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்வது நல்ல பழக்கம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த மயக்கம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மறைநிலையில் உலாவியபோதும் தங்கள் தரவு சேகரிக்கப்பட்டது என்று 2020இல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2024 ஏப்ரலில் வெளியான சமரச உடன்பாட்டின்படி, கோடிக்கணக்கான தரவுப் பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ நிறுவனம் இசைந்தது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும், மறைநிலையில் என்ன சேகரிக்கப்படுகிறது என்ற விளக்கத்தை இன்னும் தெளிவாக எழுத வேண்டியதாயிற்று.

"நான் ஒரு தவறும் செய்யவில்லையே, எதற்கு மறைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று எண்ணி சுமார் 6,50,000 பயனர்களின் ஏறத்தாழ 2 கோடி தேடல்களை வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்கள் இருந்தன. நியூயார்க் டைம்ஸ் நாளேடு அவற்றில் ஓர் எண்ணின் தேடல்களைத் தொடர்ந்து போய், ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டியது. ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், அக்கம்பக்கத்துத் தேவைகள் என அவர் தேடியவையே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

அந்தச் செய்தியில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அவர் தேடிய நோய்களின் பட்டியலைப் பார்த்தால் அவரே பெரிய நோயாளி என்று தோன்றும். உண்மையில் அவர் தம் தோழியருக்காகவும் தேடிக்கொடுத்தவர். தேடல் வரலாறு நம்மைப் பற்றி நிறையச் சொல்லும். ஆனால் சரியாகச் சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு மாணவர் தம் தாயின் நோயைப் பற்றியோ, வீட்டுக் கடனைப் பற்றியோ, தம் மனச்சோர்வைப் பற்றியோ தேடலாம். அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் அதைப் படித்துக் கதை கட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்காகச் சொந்தக் கணினியில் தினமும் எல்லாவற்றையும் துடைத்துப்போடச் சொல்லவில்லை. இடுபணிக்காகப் படித்த கட்டுரையை மீண்டும் கண்டுபிடிக்கவும், எந்தத் தகவலை எங்கிருந்து எடுத்தோம் என்று சரிபார்க்கவும் உலாவி வரலாறு கைகொடுக்கும். கைப்பேசியும் கணினியும் ஒரே கணக்கில் ஒத்திசைந்திருந்தால், ஒன்றில் அழித்தது மற்றொன்றிலும் அழிந்துபோகும் என்பதையும் மறக்க வேண்டாம். சொந்தக் கருவியில் தேவையானதை வைத்துக்கொண்டு வேண்டாததை நீக்குங்கள். பொதுக் கணினியில் உங்களுடையது எதையும் விட்டுவைக்காதீர்கள்.

நமது நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் அமலுக்கு வந்தது. வணிக நிறுவனங்கள் எந்த நோக்கத்துக்காக நமது தரவைப் பெற்றனவோ, அந்த நோக்கம் முடிந்த பின் அதை வைத்திருக்கக் கூடாது என்பது அதன் கோட்பாடுகளில் ஒன்று. நிறுவனங்களிடம் நாம் எதிர்பார்க்கும் இந்த ஒழுங்கை, பத்து நிமிடம் அமரும் கணினியில் நாமும் கடைப்பிடிக்கலாமே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுக்கும் நாளில், வெளியேறுவதையும் அழிப்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். கடை உரிமையாளர்கள், உலாவியை மூடும்போதே தரவு நீங்கும்படி அமைத்துவைத்தால் வாடிக்கையாளர்களுக்குப் பேருதவியாக இருக்கும். அந்த வசதி உலாவிகளிலேயே இருக்கிறது. மாணவர்களே, கடந்த மாதங்களில் எந்தெந்தக் கணினிகளில் உள்நுழைந்தீர்கள் என்று இன்று மாலை உங்கள் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அடையாளம் தெரியாத கருவி ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், முதலில் அதைத் துண்டித்துவிட்டு உடனே கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.