இறந்தவரையும் விடாத 25 ஆண்டு ஒப்பந்தம்

மதிப்பிற்குரிய ஐயா,

நுகர்வோர் குறைகளைத் தீர்க்கும் பொறுப்பில் உயர்ந்த இடத்தில் இருக்கிறீர்கள். இதற்கு முன் நாங்கள் கொடுத்த மனுக்கள் எல்லாம் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்குச் சரியான பதில் வராததால் இன்று ஊரறிய எழுதுகிறேன்.

விடுமுறை விடுதித் திட்டங்கள், அதாவது டைம்ஷேர் உறுப்பினர் சேர்க்கை, எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மாலில் குலுக்கல் சீட்டு நிரப்பச் சொல்வார்கள். “பரிசு விழுந்திருக்கு, கணவன் மனைவி ரெண்டு பேரும் வந்து வாங்கிக்கணும்” என்று போன் வரும். என் அக்காவும் அத்தானும் அப்படித்தான் மதுரையில் ஓர் ஓட்டலுக்குப் போனார்கள். அத்தான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பணிக்கொடை கைக்கு வந்திருந்த நேரம். ஹாலில் காது கிழியப் பாட்டு. பக்கத்து மேசையில் யாராவது கையெழுத்துப் போட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று அத்தான் எழுந்ததும் மேலாளர் வந்து உட்கார்ந்தார். “இந்த விலை இன்னிக்கு மட்டும்தான் சார்.” இருட்டும்வரை பேசிக் கார்டைத் தேய்க்க வைத்தார்கள். 25 ஆண்டு ஒப்பந்தம். அதன் முழு வாசகமும் பணம் போன பிறகுதான் தபாலில் வந்தது.

மே மாதம் கேட்டால் ஊட்டியில் அறை இல்லை, கொடைக்கானலில் இல்லை. போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஜிஎஸ்டியோடு வந்து நிற்கும், வருடத்துக்கு வருடம் கூடும். இதுவரை சொன்னது ஊரெங்கும் நடப்பது. அத்தான் இறந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

அக்கா இறப்புச் சான்றிதழை இணைத்துப் பதிவுத் தபாலில் எழுதினார். “கட்டிய பணம் எனக்கு வேண்டாம். பெயரை மட்டும் நீக்கிவிடுங்கள்.” நிறுவனத்திலிருந்து பதில் வந்தது, இறந்துபோன அத்தானின் பெயருக்கே, ‘அன்புள்ள’ என்று தொடங்கி. ஒப்பந்தக் காலம் முடியும்வரை ரத்து செய்ய இயலாது, உறுப்பினர் உரிமை வாரிசுக்கு மாறும், நிலுவையை வட்டியுடன் கட்டவும் என்று அதில் இருந்தது. பிறகு போன் வரத் தொடங்கியது. “சார் இருக்காரா?” இறந்துவிட்டார் என்று அக்கா சொல்வார். “சிஸ்டத்துல அவர் பேர்தான் மேடம் இருக்கு, எப்ப கட்டுவீங்க?” அடுத்த வாரம் வேறொரு குரல், அதே கேள்வி. கணவர் போய்விட்டார் என்று முன்பின் தெரியாத ஆட்களிடம் ஒரு பெண் எத்தனை முறை சொல்ல வேண்டும்?

உங்களிடம் புகார் செய்தோம். சில வாரத்தில் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. திறந்து பார்த்தால், நிறுவனம் அக்காவுக்கு அனுப்பிய அதே கடிதம் தீர்வு என்று ஒட்டப்பட்டிருந்தது. யாரைப் பற்றிப் புகார் கொடுத்தோமோ அவர்கள் எழுதியதையே தீர்ப்பாக்கித் திருப்பி அனுப்ப ஓர் அலுவலகம் எதற்கு? இறப்புச் சான்றிதழை அங்கே ஒருவராவது திறந்து பார்த்தாரா?

இதற்குள் அக்காவின் எண் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் உறுப்பினர் உரிமையை விற்றுத் தருகிறோம், வரியை மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள் என்று இன்னொரு கூட்டம் கூப்பிடுகிறது. வெளியேற நேர்வழி இல்லாத இடத்தில்தான் இந்தக் கூட்டம் பிழைக்கிறது. அந்த வழியைத் திறக்க வேண்டியவர் நீங்கள்.

வழி தெரியாமலா இருக்கிறது? டைம்ஷேர் வாங்கியவர் காரணம் சொல்லாமலே விலக 14 நாள் தர வேண்டும், அதுவரை ஒரு பைசா வாங்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009-லேயே விதி செய்தது. நம் அரசும் 2023 நவம்பரில் இணைய வணிகத்தின் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்தது. பொய்யான அவசரம் காட்டுவதும், சந்தாவிலிருந்து விலகவிடாமல் மடக்குவதும் அதில் உண்டு. கைப்பேசித் திரையில் தவறானது ஓட்டல் ஹாலில் எப்படிச் சரியாகும்? நியாயமற்ற ஒப்பந்தம் என்று சொல்லி அதைச் செல்லாததாக்க வேண்டுமானால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். மூட்டுவலியோடு பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் ஒரு விதவையை வக்கீல் வைத்து வழக்காடு என்கிறீர்களா?

அக்காவின் புகாரை மறுபடி திறங்கள். நிறுவனத்தை நேரில் கூப்பிட்டு விசாரியுங்கள். அந்தப் போன்களை இந்த வாரமே நிறுத்துங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று நீங்களே கையெழுத்திட்டு அக்காவுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி