ரெகுலேட்டர் மாத்தியும் பேட்டரி ஏறலையா? அடுத்த பார்ட்டுக்குப் பணம் எடுக்காதீங்க

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டு இல்லை, பைக் ரிப்பேர். இதுவும் நம்ம பாக்கெட் விஷயம்தான்.

போன வருஷம் என் பைக்கில் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கத்தியது. மெக்கானிக் பார்த்துவிட்டு "ரெகுலேட்டர் போச்சு சார்" என்றார். பார்ட் 1,350 ரூபாய், கூலி 200. நாலு நாள் நன்றாக ஓடியது. அஞ்சாம் நாள் பழைய கதை. இப்போ "பேட்டரி வீக், மாத்திடலாம்" என்கிறார். அது 1,700. அதுக்கும் சரியாகலேன்னா மேக்னட் காயில்.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பார்ட்டுக்கு 1,350 ரூபாயைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிற நாம, "சும்மா செக் பண்ணினதுக்கு 200 ரூபாயா?"ன்னு சண்டை போடுவோம். அளந்து பார்க்கிற வேலைக்குக் காசு இல்லேன்னா, பார்ட் மாத்தித்தானே அவர் சம்பாதிக்க முடியும்?

அதனால் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். நீங்களும் வாங்கலாம், இல்லேன்னா காசு கொடுத்து அளக்கச் சொல்லலாம்.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்த வண்டியில் காலையில் பாருங்க. 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் காலி. ஆனா காலியாகிறது வேற, கெட்டுப்போகிறது வேற. வெளியே சார்ஜ் போட்டு மாட்டிவிட்டுத்தான் மத்த டெஸ்ட். காலி பேட்டரியோடு அளந்தால் ரீடிங் நம்மை ஏமாத்தும்.

அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி பேட்டரி முனையில் பாருங்க. சுமார் 13.8-லிருந்து 14.5 வரை வரணும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரி வெந்துவிடும். 12-லேயே நின்றால் கரண்ட் பேட்டரிக்கு வந்து சேரவில்லை. எனக்கு 12.3.

ஏன் வரவில்லை? இங்கேதான் பலரும் ஊகத்தில் இறங்குறாங்க. ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றினால் காயிலிலிருந்து வரும் மூணு வயர் தெரியும், பல வண்டிகளில் மஞ்சள் நிறம். மீட்டரை ஏ.சி.யில் வைத்து, இன்ஜின் ஓடும்போது இரண்டிரண்டாக அளங்க. மூணு ரீடிங்கும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், முறுக்க முறுக்க ஏறணும். பல வண்டிகளில் 50 வோல்ட்டைத் தாண்டும், கை படாமல் பாருங்க. ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் அவுட். இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் நடுவே கன்டினியூட்டி பாருங்க. பீப் அடித்தாலும் காயில்தான்.

எனக்கு மூணும் சரி. அப்போ புது ரெகுலேட்டரும் நல்லது, காயிலும் நல்லது, நடுவில் எங்கேயோ தொலையுது. கப்ளரை மறுபடி மாட்டி, மீட்டரை டி.சி.க்கு மாத்தி, இன்ஜின் ஓடும்போது ஒரு முனையை ரெகுலேட்டரின் பிளஸ் வயரிலும் இன்னொன்றைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தேன். 0.3-க்குள் இருக்க வேண்டியது 1.6 காட்டியது. கழற்றிப் பார்த்தால் கப்ளர் உள்ளே ஒரு முனை கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. புது கப்ளரும் முனைகளும் 60 ரூபாய். மாட்டினதும் 14.1.

பழைய ரெகுலேட்டரை மெக்கானிக்கிடமே விட்டுட்டு வந்தேன். அது நல்லா இருந்திருக்கலாம்னு நினைச்சா இன்னும் வயிறு எரியுது. மாத்தின பார்ட்டைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்க.

இன்னொண்ணு. சார்ஜ் ஏறுதான்னு பார்க்க, ஓடுற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. விடாதீங்க. அப்போ வோல்டேஜ் திடீர்னு எகிறி புது ரெகுலேட்டரே போகலாம். எஃப்.ஐ. வண்டி என்றால் ஈ.சி.யூ.வுக்கும் ஆபத்து.

எலக்ட்ரிக்கல் பார்ட்டை மாட்டிப் பார்த்துவிட்டால் பெரும்பாலான ஸ்பேர்ஸ் கடைகளில் திரும்ப எடுக்க மாட்டாங்க. பேட்டரிதான் கெட்டதுன்னு மீட்டர் சொன்னாலும், முதலில் பழைய வாரண்டி கார்டைத் தேடுங்க. தேதி மிச்சம் இருந்தால் பணமும் மிச்சமாகலாம்.