உங்க வீட்டு 'மிலிட்டரி தாத்தா' எங்கே போனார்? செத்திருந்தால் பெயர் கிடைக்கும், திரும்பி வந்திருந்தால்தான் சிக்கல்

வந்தவாசி, ஆரணி, செய்யாறு பக்கம் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது பழைய கதை ஆரம்பித்தால் இந்த டயலாக் வராமல் இருக்காது: "எங்க தாத்தாவோட அப்பா மிலிட்டரி. பர்மா வரைக்கும் போய்ட்டு வந்தவரு." எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம் என்று கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். ஒரு மங்கிப்போன போட்டோ இருக்கும். அதுவும் பெரியப்பா வீட்டில் இருக்கும்.

எல்லாமே ஆன்லைனில் கிடைக்கிற காலத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். ஆனால் ஒரு கொடுமையான கண்டிஷன்: அவர் போரில் இறந்திருக்க வேண்டும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இறந்தவர்களின் பட்டியலை வைத்திருப்பது இதுதான். இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரை இறந்தவர்கள் இதில் வருவார்கள். பெயர், ரேங்க், சர்வீஸ் நம்பர், யூனிட், இறந்த தேதி இருக்கும். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும்கூட உண்டு.

இங்கே நம்ம ஆட்கள் தடுக்கி விழுவது ஸ்பெல்லிங்கில். ஆவணம் எழுதிய கிளார்க் ஆரணியை 'ஆர்னி' என்றும் வந்தவாசியை 'வாண்டிவாஷ்' என்றும்தான் எழுதியிருப்பார். திருவண்ணாமலை மாவட்டம் என்று தேடினால் எதுவும் வராது. அந்த மாவட்டம் பிறந்ததே 1989-ல். அதற்கு முன்பு இந்த ஊர்கள் எல்லாம் வட ஆற்காடு. முனுசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அப்பா பெயரும் ஊரும்தான் ஒரு முனுசாமியை இன்னொரு முனுசாமியிடமிருந்து பிரிக்கும். மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவரை 'மதராஸ்' என்று தேடினால் சிக்காமல் போகலாம், 'இந்தியன் இன்ஜினீயர்ஸ்' என்றும் தேடிப் பாருங்கள்.

பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்கள் என்றால், யாங்கோன் அருகே தௌக்யானில் இருக்கும் ரங்கூன் நினைவகத்தில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேல்.

சரி, திரும்பி வந்தவர்? அவருக்கு இப்படி ஒரு பட்டியல் கிடையாது.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் கடந்து போகிற இடம். இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது அது. வேலூரை 'கிராமம்' என்று சொல்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஊர் ஊராக ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றிச் செதுக்கியிருக்கிறார்கள். 277-லிருந்து 14-ஐக் கழித்தால் 263 பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் ஒருத்தர் பெயரும் இல்லை, இறந்த 14 பேருடையதும் சேர்த்து.

இது ஏதோ வேலூரில் இடம் பத்தாமல் நடந்தது இல்லை. இராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிகளுக்கும் உண்டு. சாதாரண இந்திய சிப்பாய்க்கு ரெஜிமென்ட் வாரியாக 'மற்றும் இத்தனை பேர்' என்ற எண்ணிக்கைதான். இந்தப் பாகுபாட்டை அந்த ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை, இன்னும் குறைந்தது 1,16,000 பேர் பெயரே இல்லாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்றது அந்த அறிக்கை.

வந்தவாசிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 1760 ஜனவரி 22-ல் நடந்த வந்தவாசிப் போர் எல்லா ஹிஸ்டரி புக்கிலும் இருக்கு. அயர் கூட் ஜெயித்தார், லாலி தோற்றார் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறோம். அந்த மைதானத்தில் நின்ற சிப்பாய்களில் ஒருத்தர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆனால் 1760-க்கு இருக்கும் சாக்கு 1919-க்குக் கிடையாது. பஞ்சாபைப் பாருங்கள். முதல் போர் முடிந்ததும் அங்கிருந்த அரசு கிராமம் கிராமமாக யார் யார் போனார்கள், அப்பா பெயர் என்ன, எந்த யூனிட் என்று பதிவேடு எழுதியது. சுமார் 26,000 பக்கங்கள், 3,20,000 பேர். செத்தவர்கள் மட்டுமல்ல, திரும்பி வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். பிரிவினைக்குப் பிறகும் அவை லாகூர் அருங்காட்சியகத்திலேயே தூங்கின. பிரிட்டனில் இருக்கும் பஞ்சாபி பாரம்பரிய அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை டிஜிட்டலாக்கி, 2021 நவம்பரில் முதற்கட்டமாக ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்களின் சுமார் 45,000 பதிவுகளை இணையத்தில் விட்டார்கள். லண்டனில் டாக்ஸி ஓட்டும் ஒருத்தர் இன்று தன் கொள்ளுத்தாத்தா ஊரைத் தட்டி அவர் பெயரைப் பார்க்க முடிகிறது. கண்ணமங்கலம் பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு ஃபவுஜி. அந்த ஊர்ப் பையன் தட்டிப் பார்க்க அப்படி ஒரு தளம் இல்லை.

என் கருத்து இதுதான்: தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு பதிவேடு வேண்டும், அதை அரசுதான் தொடங்க வேண்டும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையமும் இருக்கின்றன. வட ஆற்காட்டை மட்டுமாவது எடுத்துக்கொண்டு, வீடுகளில் கிடக்கும் காகிதங்களை ஸ்கேன் செய்து, ஊர்க் கல்வெட்டுகளோடு சேர்த்தால்கூட ஒரு தொடக்கம் கிடைக்கும்.

அதுவும் சீக்கிரம் வேண்டும். ஏனென்றால் வீட்டில் இருப்பது போய்க்கொண்டே இருக்கிறது. முதல் போரில் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடலின் விளிம்பைச் சுற்றி வீரரின் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் பொறித்திருக்கும். அதாவது அந்த மெடலே ஒரு ஆவணம். சிப்பாய்களுக்குக் கொடுத்தது வெள்ளி, கஷ்ட காலத்தில் வெள்ளி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. டிஸ்சார்ஜ் பேப்பர் கரையானுக்குப் போகும்.

சில வீடுகளில் பேச்சே போயிருக்கும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது சிக்கியவர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களை 'வெள்ளை', 'சாம்பல்', 'கறுப்பு' என்று பிரிட்டிஷார் தரம் பிரித்தார்கள். கறுப்பு முத்திரை விழுந்தால் வேலை போச்சு. அப்படி வந்த தாத்தா மிலிட்டரி பற்றி வாயே திறக்காமல் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. இந்த ராணுவம் பற்றிய கோப்புகள் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் இருக்கின்றன.

ஒன்று மட்டும் கவனம்: 'பர்மா போனார்' என்றாலே சிப்பாய் என்று அர்த்தமில்லை. கூலி வேலைக்கும் கடை வைக்கவும் போனவர்கள் ஏராளம். போட்டோவில் யூனிஃபார்ம் இருந்தால் தோள்பட்டையை ஜூம் செய்யுங்கள், அங்கே யூனிட்டின் எழுத்துகள் இருக்கலாம். யூனிட் தெரிந்துவிட்டால் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அதன் வார் டைரியில் அவர்கள் எந்த நாள் எந்த ஊரில் இருந்தார்கள் என்று பார்க்க வாய்ப்பு உண்டு. சர்வீஸ் நம்பர் கிடைத்தால் ரெஜிமென்ட் மையத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கிடைக்கிற எல்லாவற்றையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவின் பின்பக்கத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம், ஸ்டுடியோ பெயரும் ஊரும் இருப்பது அங்கேதான். அப்படியே பாட்டியிடம் பேச்சுக் கொடுத்து ஃபோனில் ரெக்கார்ட் பட்டனையும் அழுத்திவிடுங்கள்.